அல்சூர் அக்கா பதில்கள்: குழுவில் பழகியவர்கள் பெங்களூரில் கூடுகிறார்கள்

இணையக் குழுக்களில் பழகியவர்களை நேரில் பார்க்கப் போகிறோம், எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்டுத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். அதனால் மாமியார், வாடகை அட்வான்ஸ், மூட்டுவலி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் மாடித்தோட்டக் குழுவில் மூன்று வருடமாகத் தினமும் பேசிக்கொள்கிறோம். கத்தரியில் மாவுப்பூச்சி என்று ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டாலும் பதில் வரும். ஆனால் யாரும் யாரையும் பார்த்ததில்லை. சென்னை, கோவை, மதுரை, ஓசூர், பெங்களூரு என்று 22 பேர் ஒரு சனி, ஞாயிறில் இங்கே கூடுவதாக முடிவு. பொறுப்பு என் தலையில். சனி காலை நந்தி மலை, மதியம் லால்பாக், மாலை சர்ச் ஸ்ட்ரீட், ஞாயிறு காலை கப்பன் பார்க், பசவனகுடியில் தோசை, மதியம் அரண்மனை, சாயங்காலம் ஒரு மால் என்று போட்டு வைத்திருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா அக்கா?
(வாசகி, ராஜாஜிநகர்)

பதில்: எதுவும் விட்டுப்போகவில்லை அம்மா, மிஞ்சிப்போனதுதான் நிறைய. ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் சரி. உங்கள் 22 பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்க வருகிறார்கள். அதற்கு நிழலும், நடக்க இடமும், காபியும் போதும்.

முதலில் நந்தி மலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஊரிலிருந்து 60 கிலோமீட்டர். சூரிய உதயம் வேண்டுமென்றால் விடியற்காலை நாலு மணிக்கு வேனில் ஏற வேண்டும். ராத்திரி ரயிலில் வந்தவர் தூங்கி வழிவார். தூங்காதவர் பக்கத்து சீட்டுக்காரரோடு மட்டும் பேசுவார். மேலே வார இறுதிக் கூட்டம், திரும்பும்போது ஹெப்பாள் நெரிசல். பதினோரு மணிக்கு வேனைவிட்டு இறங்கும்போது பாதிப் பேருக்கு மீதிப் பாதியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அரண்மனையையும் ஷாப்பிங் மாலையும் யாருக்காகப் போட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. மால் மதுரையிலும் இருக்கிறது.

அடுத்து ரயிலைப் பாருங்கள். உங்கள் நிகழ்ச்சி நேரத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது, ரயில்தான் முடிவு செய்யும். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் வந்தே பாரத் வண்டிகள் காலையில் கிளம்பி மதியவாக்கில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்து சேர்கின்றன, மதியமே திரும்பிவிடுகின்றன. ஆக, அந்த ஊர்க்காரர்களுக்கு சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறு காலையும்தான் உண்டு. சனிக்கிழமை காலையில் எதையும் வைக்காதீர்கள். ஞாயிறு பதினொன்றரைக்கு மேல் எதையும் இழுக்காதீர்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. தேதியை இரண்டரை மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தேதிக்கு வாக்கெடுப்பு வேண்டாம். 22 பேரும் ஒத்துக்கொள்ளும் தேதி பஞ்சாங்கத்திலேயே கிடையாது. நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள், வர முடிந்தவர் வரட்டும்.

எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்பதையும் குழுவில் எழுதிப் போடுங்கள். சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் மெஜஸ்டிக் பக்கத்துப் பெரிய ஸ்டேஷன் வரை போகாமல் கே.ஆர்.புரத்திலேயே இறங்கினால் ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோ, ஊதா லைனில் நேராகக் கப்பன் பார்க். பையப்பனஹள்ளியில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா டெர்மினலுக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பையப்பனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷன் வேறு, அந்த டெர்மினல் வேறு. பெட்டியோடு நடக்கிற தூரமில்லை. ஓசூர்க்காரர்களுக்கு இப்போது யோகம். பஸ்ஸில் பொம்மசந்திரா வரை வந்தால் 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன். ஆர்.வி.ரோட்டில் பச்சை லைனுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன் லால்பாக். சில்க் போர்டு சிக்னலில் நின்ற காலமெல்லாம் அவர்களுக்கு மறந்தே போகும்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கப்பன் பார்க் வையுங்கள். 300 ஏக்கர் பூங்காவில் "கப்பன் பார்க்கில் சந்திப்போம்" என்று சொன்னால் சந்திக்கவே முடியாது. "அந்தச் சிவப்புக் கட்டடம்" என்றும் சொல்லாதீர்கள், அங்கே உயர் நீதிமன்றமும் சிவப்பு, மாநில மத்திய நூலகமும் சிவப்பு. நூலகத்தின் முன்வாசல் என்று சொல்லி, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் போடுங்கள். சின்னசாமி ஸ்டேடியத்தில் மேட்ச் இருக்கும் சனிக்கிழமையாக இருந்தால் தேதியையே மாற்றுங்கள். ஸ்டேடியமும் பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில், அன்றைக்கு மெட்ரோவில் உங்கள் ஆட்களைத் தேட முடியாது.

சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சீட்டு. அதில் குழுவில் இருக்கும் பெயரைப் பெரிதாகவும் சொந்தப் பெயரைச் சிறிதாகவும் எழுதச் சொல்லுங்கள். "வெண்டைக்காய் வீட்டுக்காரர்" என்று மூன்று வருடம் கூப்பிட்டவரை அன்றைக்குப் போய் சார் என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது.

ஞாயிறு காலை லால்பாக். மெட்ரோ ஞாயிற்றுக்கிழமை 7 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், அதனால் எட்டு மணிக்கு முன் யாரையும் வரச் சொல்லாதீர்கள். லால்பாக்குக்கு நாலு வாசல். மெட்ரோ ஸ்டேஷன் மேற்கு வாசல் பக்கம். எல்லாரும் அந்த வாசல் என்று முடிவு செய்துவிடுங்கள். ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிருங்கள். தோட்டக்காரர்கள் ஆசைப்படுவார்கள், ஆனால் கண்ணாடி மாளிகைக்குள் வரிசையில் நகர்ந்துகொண்டே யாரோடு பேசுவது?

அங்கே உங்கள் கூட்டத்துக்கு நான் காட்டச் சொல்வது இரண்டே இரண்டு. ஒன்று, கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை. 300 கோடி ஆண்டுப் பழைய பாறை, அதன்மேல் ஏறிக் காற்று வாங்கலாம். இன்னொன்று, நம் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் கல்மரம். சுமார் 2 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். ஹைதர் அலி 1760-ல் போட்ட தோட்டத்தில் அதைவிடப் பழைய தமிழ்நாட்டு மரம் ஒன்று படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

விதை மாற்றிக்கொள்வதை இங்கே நடந்துகொண்டே செய்யுங்கள். ஒவ்வொருவரும் சின்னக் காகிதக் கவர்களில் விதை கொண்டுவரட்டும். கவர் மேல் ரகம், எந்த மாதம் எடுத்தது, செடியா கொடியா என்று மூன்று விவரம். பிளாஸ்டிக் பை வேண்டாம், வாசலிலேயே பிடித்துவிடுவார்கள். "உங்க சிறகு அவரை எனக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தால் அறிமுகம் தானாக நடந்துவிடும். வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருத்தராக எழுந்து பெயர், ஊர், பொழுதுபோக்கு சொல்லும் சடங்கு வேண்டவே வேண்டாம். ஏழாவது ஆள் பேசும்போது எல்லாரும் தன் முறைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். லால்பாக்கை ஒட்டி சித்தாபுராவில் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விட்டுவிட்டால் உங்கள் ஆட்களை மேய்க்க ஆளே தேவையில்லை. ரயிலில் போகிறவர்கள் தொட்டியோடு வாங்காமல் பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவரைப் போடுங்கள்.

சாப்பாடு. பசவனகுடி வித்யார்த்தி பவன் 1943-லிருந்து இருக்கிறது, லால்பாக் பக்கத்து எம்.டி.ஆர். 1924-லிருந்து இருக்கிறது. இரண்டிலும் ஞாயிறு காலை 22 பேருக்கு ஒன்றாக இடம் கிடைக்கும் என்று எண்ணுவது பேராசை. வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, நாலு நாலு பேராகப் பிரிந்து, யார் யாரோடோ உட்கார்ந்து, ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்க வேண்டும். சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு விடுமுறை, போய் ஷட்டரைப் பார்த்து நிற்காதீர்கள். பக்கத்திலிருக்கும் ஏதாவது ஒரு நல்ல தர்ஷினிக்குப் போங்கள். நின்றுகொண்டு சாப்பிடும் இடம் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இப்படிக் கூடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஓட்டல் இல்லை. நாற்காலி போட்ட ஓட்டலில் உட்கார்ந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வோம். இங்கே தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகரலாம், காபிக்கு இன்னொரு மேஜை. காலை எட்டிலிருந்து யாரிடமும் வாய் திறக்காத ஒருத்தர் நிச்சயம் இருப்பார். அவர் பக்கத்தில் தட்டோடு போய் நிற்க யாருக்கும் தயக்கம் இருக்காது. முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பெஞ்சு பார்த்து வையுங்கள்.

தங்குவதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், மெட்ரோ பக்கமாக எடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஹாலில் ஆறு பேரைப் படுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ராத்திரி பாத்ரூம் வரிசையை நிர்வகித்தவர் காலையில் யாரையும் சிரித்த முகத்தோடு வரவேற்க முடியாது.

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். படம் வரைகிறவர்களின் ஆன்லைன் குழு ஒன்றில் இருக்கிறாள். அவர்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போகிறார்களாம். "பப்ளிக் பிளேஸ்தாம்மா" என்கிறாள். அனுப்பலாமா? அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
(வாசகி, கோலார் தங்கவயல்)

பதில்: அனுப்புங்கள். உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறாளே, அதைக் கெடுத்துவிடாதீர்கள். இந்தத் தடவை வேண்டாம் என்றால் அடுத்த தடவை சொல்லாமல் போவாள்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், கண்ணைப் பார்த்து, சண்டை இல்லாமல். குழுவில் எத்தனை பேரை வீடியோவில் பார்த்திருக்கிறாள்? இடத்தை முடிவு செய்தது யார்? திரும்பி வரும் பணம் அவள் கையில் இருக்கிறதா, இல்லை யாராவது கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் "என் கையில்" என்று வர வேண்டும். போனும் சார்ஜும் பணமும் அவளுடையதாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதிக்கு, அறைத் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காபி குடிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பகலில் கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு, மியூசியம் என்று முடிவான சந்திப்பு, கடைசி நேரத்தில் "மழை வருது, என் ரூமுக்கு வாங்க" என்று மாறினால் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். அழைப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் சரி. அதற்குக் காரணம் சொல்லவும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "எனக்கு ஹாஸ்டல் டைம் ஆச்சு" போதும். லைவ் லொகேஷனை அவள் தோழிக்கும் உங்களுக்கும் அன்று ஒருநாள் போடட்டும். 112 என்ற எண் அவள் போனில் இருக்கட்டும். மணிக்கொரு தடவை நீங்கள் போன் செய்யாதீர்கள். நாலு பேர் நடுவில் அம்மா போன் வந்தால் அடுத்த தடவை எடுக்க மாட்டாள்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். மாரிக்குப்பம் வண்டியில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறவர்கள் ஊர் உங்களுடையது. கூட ரயிலில் வருகிறவர்கள் எப்படிச் சிநேகிதர் ஆகிறார்கள் என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பழைய ரேடியோ சேகரிப்பாளர் குழுவில் நான்தான் பெரிய வாயாடி. ஆனால் நேரில் எனக்குத் திக்கும். அடுத்த மாதம் பெங்களூரில் சந்திப்பு. குழுவில் என்னைப் பற்றி வைத்திருக்கும் மரியாதை ஒரே நாளில் போய்விடுமோ என்று பயம். ஜுரம் என்று சொல்லிவிட்டு இருந்துவிடலாமா?
(வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: தம்பி, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள். வெளியூருக்கு நாமே நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வருவதற்கு முன்னால் வெளியூர்க் கால்கள் எங்கள் கை வழியாகத்தான் போகும். மெட்ராஸ் பக்கம் ராத்திரி ஷிப்டில் ஒரு பெண். லைன் காலியாக இருக்கும் நேரத்தில் பேசிப் பேசி, அவள் வீட்டு வாடகையிலிருந்து பையனின் டான்சில் வரைக்கும் எனக்குத் தெரியும். முகம் மட்டும் தெரியாது.

ஒரு கல்யாணத்துக்காக அவள் பெங்களூர் வந்தாள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். அந்தக் குரலுக்கு நான் மனசில் வைத்திருந்தது ஒல்லியான உடம்பு, சுருட்டை முடி. வந்தவள் நல்ல உயரம், பெரிய குங்குமப் பொட்டு, கையில் ரெக்சின் பை. "நீங்கதானா?" என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து காபி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வளையல் வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதால் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். கூட்டத்தில் முகத்தைப் பார்க்க முடியாது, தோள் இடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நடக்க வேண்டும். "இந்த அரக்கு வளையலுக்கு என்ன விலை சொல்றான் பாருங்க" என்று என் காதோரம் சொன்னாள். அதே குரல்! அவ்வளவுதான், கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை பேசினோம்.

அதனால்தான் நான் எல்லாருக்கும் சொல்வது: முதல் ஒரு மணி நேரம் யாரையும் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். பக்கத்தில் நடக்கவிடுங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்களுக்கும் அதே வைத்தியம். ஒரு பழைய வால்வு செட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள். பின்பக்க அட்டையைக் கழற்றிவைத்துவிட்டால் எல்லார் கண்ணும் அதன்மேல் இருக்கும், உங்கள் வாய்மேல் இருக்காது. வந்து சேர்கிறவர்களை வாசலில் நின்று அழைத்துவரும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருத்தர் ஒருத்தராகப் பேசிப் பழகிவிடலாம். குழுவிலும் முன்னாடியே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "எனக்குப் பேச்சு திக்கும், அவசரப்படுத்தாதீங்க." திக்குவதை மறைக்க முயல்வதில்தான் களைப்பு அதிகம் என்று என் தம்பி சொல்வான். அவனுக்கும் திக்கும், மேடையேறிப் பேசுகிறவன்.

ஜுரம் என்று பொய் சொல்ல வேண்டாம். வால்வு செட்டுக்காரர் வரவில்லையென்றால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: போன சந்திப்பில் 14 பேர் சாப்பிட்டோம். பில் வரும்போது மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள். கேட்கவும் கூச்சம், விடவும் மனசில்லை.
(வாசகர், காக்ஸ் டவுன்)

பதில்: அதை விட்டுவிடுங்கள். அடுத்ததைச் சரி செய்யுங்கள். கிளம்பியவர்கள் ஏமாற்றுக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, கடைசி பஸ்ஸைப் பார்த்து ஓடியிருப்பார்கள். முதலில் காசு, பிறகு டோக்கன் என்று இருக்கும் கடையைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பேச்சே வராது. உட்கார்ந்து சாப்பிடத்தான் வேண்டுமென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று இலைச் சாப்பாடு பேசி, வருவதற்கு முன்பே யுபிஐயில் வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்தவர்தான் வருவார் என்பது தனி லாபம். "கண்டிப்பா வர்றேன்" என்று கட்டைவிரலை மட்டும் தூக்கியவர்களை எண்ணி இலை போடாதீர்கள்.

ஆட்டோவில் மீட்டர் போட்டால் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. இது 2025 ஆகஸ்டிலிருந்து. மூன்று பேர் ஏறி ஒருத்தர் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள், பன்னிரண்டு ரூபாய்க்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். மெட்ரோவில் போனிலேயே ஆறு பேர் வரை ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண்களுக்கு ஒன்று: இங்கே அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தான். சேலத்திலிருந்து வந்த என் நாத்தனார் ஆதாரை நீட்டிவிட்டு கண்டக்டரோடு வாதாடியது சிவாஜிநகர் முதல் அல்சூர் வரை நடந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கேள்வி: செப்டம்பரில் வைக்கலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: வைக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை அதிகம், அதுவும் சரியாகச் சாயங்காலம் பார்த்து வரும். டிசம்பர், ஜனவரி நல்லது. காலையில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். கன்னடப் பஞ்சாங்கத்துக் கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடி காளைக் கோயில் தெருவில் கடலைக்காய்ப் பரிசை என்ற வேர்க்கடலைச் சந்தை நடக்கும். அதை ஒட்டிய ஞாயிறில் வைத்தால் வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே நடக்கலாம், ஆனால் கூட்டத்தைத் தாங்குகிறவர்களுக்கு மட்டும்.

கேள்வி: எங்கள் குழு பெரிது. 60 பேர் வருவார்கள். கப்பன் பார்க்கில் சின்ன பேனர் கட்டி மைக் வைக்கலாமா?
(வாசகர், சிவாஜிநகர்)

பதில்: தோட்டக்கலைத் துறையின் பூங்கா அது. அனுமதி வாங்காமல் பேனரும் மைக்கும் வைத்தால் காவலாளி வந்து நிற்பார், 60 பேரும் அசடு வழிய வேண்டும். அத்தனை பேருக்கு அரங்கம்தான் சரி. எங்கள் அல்சூர் ஏரிப் பக்கம் 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தில் அரங்கும் நூலகமும் இருக்கின்றன, நேரில் போய் தேதியும் வாடகையும் கேளுங்கள். ஊதா லைனில் அல்சூர் ஸ்டேஷன்.

பக்கத்திலேயே திருவள்ளுவர் சிலை. 1991-ல் வைத்துவிட்டு, திறக்க முடியாமல் பதினெட்டு வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ல் திறந்தார்கள், அதே வாரம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். மூடிய சிலையைத் தாண்டித் தாண்டிக் காய்கறி வாங்கப் போன தெருக்காரர்கள் நாங்கள். உங்கள் 60 பேரும் குழுப் படம் எடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

60 பேருக்கு ஒரே சந்திப்பு எதற்கு என்பது மட்டும் என் சந்தேகம். முகம் பார்த்துப் பேச எட்டு, பத்துப் பேருக்கு மேல் முடியாது. மேடைப் பேச்சை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஏரிக்கரைக்கு அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: குழுவில் இருவர் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவரும் வருகிறேன் என்கிறார்கள்.
(வாசகி, ஸ்ரீராம்புரம்)

பதில்: வரட்டும். சமாதானம் செய்துவைக்கும் ஆசை மட்டும் உங்களுக்கு வேண்டாம். தட்டச்சில் வந்த சண்டை நேரில் பார்த்ததும் பாதி ஆறிவிடும், ஆறாவிட்டால் பூங்கா பெரிது.

கேள்வி: குழுப் படத்தை எல்லா இடத்திலும் போடலாமா?
(வாசகர், இந்திராநகர்)

பதில்: கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டில் சொல்லாமல் வந்தவர், ஆபீசில் லீவு சொல்லி வந்தவர், புனைபெயருக்குள் இருக்க நினைப்பவர் எல்லாம் உண்டு. படத்தில் நிற்க விரும்பாதவரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டால் அவருக்கும் சங்கடமில்லை.

கேள்வி: எங்கள் எம்பிராய்டரி குழு கஸ்தூர்பா ரோட்டில் கூடுகிறது, எட்டுப் பெண்கள். குழுவில் இல்லாத என் கணவர் "நானும் துணைக்கு வர்றேன்" என்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.
(வாசகி, மர்பி டவுன்)

பதில்: துணை எதற்கு, கஸ்தூர்பா ரோட்டுக்குத்தானே போகிறீர்கள்? எட்டுப் பேர் நூலையும் ஊசியையும் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் ஓர் ஆண்பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருந்தால், பேச்செல்லாம் அவரையும் சேர்த்துக்கொண்டு விலைவாசிக்கும் வெயிலுக்கும் போய்விடும். சரி, வரட்டும். கூடவே கூட்டிப்போய் அதே ரோட்டிலிருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் விட்டுவிடுங்கள். இயந்திரம், விமானம் என்று மூன்று மணி நேரத்துக்குத் தாங்கும். டிக்கெட்டை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.